சொல்வளம் பெருக: பள்ளிக்கு வெளியே, உங்கள் விருப்பப்படி கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்ததும் நம்மில் பலர் தேடிப்போவது ஒரு பட்டியலை. தினம் பத்துச் சொல், முப்பது நாளில் முந்நூறு சொல் என்று நோட்டிலோ கைப்பேசியிலோ ஆரம்பிப்போம். முதல் வாரம் உற்சாகமாகப் போகும். மூன்றாவது வாரத்தில் நோட்டு எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. சோம்பேறி என்று நம்மை நாமே திட்டிக்கொள்வோம். உண்மையில் அந்தச் சொற்கள் நம்மிடம் தங்குவதற்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. யாரோ தொகுத்த வரிசையில் வந்தன, ஒன்றுக்கொன்று உறவில்லை, அடுத்த நாள் அவற்றை எங்கேயும் பார்க்கவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டி வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. சொல்லைத் தேடிப் போகாதீர்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு விஷயத்தைத் தேடிப் போங்கள். அதைப் படிக்கப் படிக்க எதிர்ப்படும் சொற்களில் சிலவற்றை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, அவை மறக்காமலிருக்க நினைவாற்றல் ஆராய்ச்சி காட்டியிருக்கும் இரண்டு மூன்று வழிகளைக் கையாளுங்கள். தமிழிலேயே சொல்வளம் பெருக்க விரும்பினாலும் சரி, ஆங்கிலமோ வேறு மொழியோ கற்றாலும் சரி, போகும் பாதை இதுதான். பள்ளி மாணவருக்கும் பொருந்தும், பள்ளியை விட்டுப் பல காலம் ஆனவருக்கும் பொருந்தும்.

முதல் படி: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

"அறிவியல் படிக்கப்போகிறேன்" என்று தொடங்கினால் எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று திணறுவீர்கள். "பறவைகள் எப்படி வழி தவறாமல் அவ்வளவு தூரம் பறக்கின்றன?" என்று தொடங்கினால் இன்றைக்கே ஏதாவது படிக்க ஆரம்பித்துவிடலாம். பாடம் பெரிது, கேள்வி கைக்கு அடங்கும். பழைய கல்வெட்டை எப்படிப் படிக்கிறார்கள்? மேகம் ஏன் கீழே விழுவதில்லை? கடிகாரம் நேரத்தை எப்படிச் சீராக அளக்கிறது? எதுவானாலும் சரி. யாரும் சொல்லாமல், மதிப்பெண் எதுவும் இல்லாமல், நீங்களாகவே போய்ப் பார்க்கும் விஷயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதனால் என்ன பயன் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளாதீர்கள். பயனை முன்னால் வைத்துத் தேர்ந்தெடுத்த விஷயத்தைவிட, ஆர்வத்தால் தேர்ந்தெடுத்த விஷயம் நீண்ட நாள் கூடவே வரும்.

பறவைக் கேள்வியையே இந்தக் கட்டுரை முழுக்க எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தேட ஆரம்பித்ததும் என்ன கிடைக்கிறது பாருங்கள். 2022-இல் பட்டைவால் மூக்கன் என்ற இனத்தைச் சேர்ந்த, ஐந்தே மாத வயதான ஓர் இளம்பறவை, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை 11 நாளில், வழியில் எங்குமே இறங்காமல் கடந்தது. அதன் உடலில் பொருத்திய சிறு கருவி செயற்கைக்கோள் வழியாக இதைப் பதிவுசெய்தது. இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? தூங்கவே இல்லையா, என்ன தின்றது, யார் வழி காட்டியது என்று அடுத்தடுத்துக் கேள்விகள் கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் விடை தேடும்போது சொற்கள் தாமாக வந்து சேரும்: வலசை, அலகு, தரிப்பிடம், காந்தப்புலம், துருவம், கோளரங்கம்.

கோளரங்கம் இங்கே எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 1960களில் ஸ்டீஃபன் எம்லென் என்ற ஆராய்ச்சியாளர், இண்டிகோ பண்டிங் என்ற சிறு குருவிகளைக் கோளரங்கத்தின் செயற்கை வானத்துக்குக் கீழே வைத்துச் சோதித்தார். வானம் எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு சுழல்கிறதோ அதை வைத்து அவை திசையைக் கற்றுக்கொள்கின்றன என்று தெரியவந்தது. இந்தச் சோதனையைப் படித்தவருக்குக் கோளரங்கம் என்ற சொல்லைத் தனியாக உருப்போட வேண்டிய தேவையே வராது.

இரண்டாம் படி: உங்கள் அளவுக்குப் பொருந்துவதைப் படியுங்கள்

பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஆர்வம் இருக்கும், ஆனால் எடுத்த நூல் கடினமாக இருக்கும். வரிக்கு இரண்டு சொல் புரியாது. அகராதியைப் புரட்டிப் புரட்டியே ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும்.

இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒருவர் உதவியில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, பக்கத்திலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வளத்தை ஆராய்பவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று புதிது. 95 விழுக்காடு தெரிந்திருந்தால், கொஞ்சம் அகராதி உதவியோடு சமாளிக்கலாம். 250 சொல் இருக்கும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். ஒரு கை விரல்களுக்குள் முடிந்தால் தாராளமாகப் படிக்கலாம். பன்னிரண்டைத் தாண்டினால் இப்போதைக்கு மூடி வையுங்கள். அதே விஷயத்தைச் சிறுவர்களுக்காக எழுதிய நூல் ஒன்றைத் தேடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒரு துறைக்குள் நுழையச் சிறுவர் நூலைவிட நல்ல வாசல் கிடையாது. அதில் கலைச்சொற்களை விளக்காமல் விட மாட்டார்கள், படமும் இருக்கும்.

பட்டியல் வேண்டாம் என்று சொன்னேன். அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: புது மொழி ஒன்றை அடியிலிருந்து கற்பவர்கள். எந்த மொழியிலும் ஒரு சிறு தொகுதிச் சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆங்கிலத்துக்கு அப்படி ஏறத்தாழ 2,000 சொல் கொண்ட தொகுப்பு ஒன்றை மொழி ஆசிரியர் மைக்கேல் வெஸ்ட் 1953-இலேயே வெளியிட்டார். பொதுவான ஆங்கில எழுத்தில் பெரும்பகுதி அந்த அளவுச் சொற்களுக்குள் அடங்கிவிடும். இவை தெரியாமல் பிடித்த விஷயத்தை அந்த மொழியில் படிப்பது சிரமம். ஆகவே இந்த அடிப்படைச் சொற்களைப் பட்டியலாக வைத்துக் கற்பது நியாயமே. அதற்கு மேல் போனால் பட்டியலின் பலன் வேகமாகக் குறைகிறது. நாவலையும் நாளிதழையும் உதவியில்லாமல் படிக்க ஆங்கிலத்தில் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று சொல்வள ஆராய்ச்சியாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். (மைக்ரேட், மைக்ரேஷன், மைக்ரேட்டரி மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பம்.) அவ்வளவையும் பட்டியலில் உருப்போட யாராலும் முடியாது. வாசிப்பு ஒன்றே வழி.

வாசிப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பத்து விஷயங்களைப் பற்றிப் பத்துக் கட்டுரை படிப்பதைவிட, ஒரே விஷயத்தைப் பற்றி வெவ்வேறு ஆட்கள் எழுதிய நான்கைந்து கட்டுரைகளைப் படியுங்கள். முதல் கட்டுரையில் தடுக்கிய சொல் இரண்டாவதில் மறுபடி வரும், மூன்றாவதில் பழகிவிடும். ஒரே ஒரு முறை எதிர்ப்பட்ட சொல் நினைவில் தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பல இடங்களில், பல கோணங்களில் பார்த்த சொல்தான் தங்கும்.

முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள். தெரியாத சொல்லின் அடியில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு நகருங்கள். விஷயத்தின் சுவையை முழுதாக அனுபவித்துவிட்டுப் பிறகு திரும்பி வாருங்கள்.

மூன்றாம் படி: ஐந்தே சொல் எடுங்கள்

கோடு போட்ட இடங்களுக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். ஒரு வாசிப்புக்கு ஐந்து போதும். இரண்டு முறைக்கு மேல் வந்த சொல், அது தெரியாததால் ஒரு வரியே புரியாமல் போன சொல், "இதை நானும் எங்காவது சொல்ல வேண்டும்" என்று ஆசை வந்த சொல், இந்த மூன்று வகைக்குத்தான் முன்னுரிமை. மூன்றாவது வகையை அலட்சியப்படுத்தாதீர்கள். ஆசைப்பட்டு எடுத்த சொல் எளிதில் கைவிடாது. மீதியெல்லாம் போகட்டும். முக்கியமானதாக இருந்தால் மறுபடியும் வரும்.

எடுத்த சொல்லின் பொருளை உடனே பார்க்காமல், முதலில் ஊகியுங்கள். "குளிர் தொடங்குமுன் இவை வலசை போகின்றன" என்ற வரியில், போகிறது என்பதால் ஏதோ ஒரு பயணம், குளிருக்கு முன் என்பதால் பருவத்தோடு தொடர்புடையது என்று பாதிக்கு மேல் பிடித்துவிடலாம். பிறகு அகராதியைப் பாருங்கள். ஊகம் சரியாக இருந்தால் மகிழ்ச்சி. தவறாக இருந்தாலும் நட்டமில்லை. அந்த வியப்பே சொல்லைப் பதிய வைக்கும்.

அகராதி விஷயத்தில் என் கருத்து உறுதியானது: எடுத்துக்காட்டு வாக்கியம் தராத அகராதி, கற்பவருக்குப் பாதி உதவிதான் செய்யும். இன்றைய தமிழுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இந்த வகையில் கைகொடுக்கும். சொல் வாக்கியத்தில் எப்படி நடக்கிறது என்பதைக் காட்டுகிறது. பழைய இலக்கியம் படிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அது இன்று இணையத்திலும் கிடைக்கிறது. பிற மொழி கற்பவர்கள் ஆரம்பத்தில் இருமொழி அகராதியை வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பழகியதும் அந்த மொழியிலேயே பொருள் சொல்லும், கற்பவர்களுக்கென்று எளிமையாகத் தொகுத்த அகராதிக்கு மாறிவிடுங்கள்.

பொருளோடு சேர்த்து இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அந்தச் சொல் யாரோடு சேர்ந்து வருகிறது என்பது. வலசை 'போகும்', 'செய்யாது'. கவனம் 'செலுத்துவோம்', சந்தேகம் 'எழும்', முடிவு 'எடுப்போம்'. ஆங்கிலத்தில் கடும் மழையை 'ஹெவி ரெயின்' என்பார்கள், 'ஸ்ட்ராங் ரெயின்' என்று சொல்ல மாட்டார்கள். பொருள் தெரிந்தும் பேச்சு ஒட்டாமல் இருப்பதற்கு இந்தத் துணைச்சொல் தெரியாததே பெரும்பாலும் காரணம். சொல்லைத் தனியாக எடுக்காமல் துணையோடு எடுங்கள்.

இரண்டு, அந்தச் சொல்லின் உள் அமைப்பு. 'ஸ்கோப்' என்று முடியும் சொற்கள் பார்த்தல் என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்தவை. டெலி என்றால் தொலைவு. டெலஸ்கோப் தொலைவைப் பார்ப்பது. மைக்ரோ என்றால் சிறிது. மைக்ரோஸ்கோப் சிறியதைப் பார்ப்பது. பெரி என்றால் சுற்றி. நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் சுற்றிலும் பார்ப்பது. ஸ்டெதோஸ் என்றால் மார்பு. ஸ்டெதஸ்கோப் என்ன செய்கிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். தமிழில் தொலைநோக்கி, நுண்ணோக்கி இரண்டும் இதே முறையில் அமைந்தவைதான். ஒரு துண்டு தெரிந்தால் ஐந்தாறு சொற்கள் திறந்துகொள்கின்றன. எல்லாச் சொல்லையும் இப்படிப் பிரித்துப் பொருள் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். ஒலி ஒத்திருப்பதாலேயே வேர் ஒன்றாகிவிடாது. அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அட்டை எழுதுங்கள்

எடுத்த ஐந்து சொல்லுக்கும் ஐந்து சிறு அட்டைகள். கையால் எழுதினால் நல்லது. கைப்பேசிச் செயலியில் செய்தாலும் குறையில்லை. அட்டையில் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

முன்பக்கம் 'வலசை', பின்பக்கம் 'இடம்பெயர்தல்' என்று எழுதினால் அது பட்டியலைத் துண்டு துண்டாக வெட்டியது போலத்தான் இருக்கும். இப்படி எழுதிப் பாருங்கள்:

முன்பக்கம்: "குளிர் தொடங்குமுன் பட்டைவால் மூக்கன்கள் தெற்கு நோக்கி ______ போகின்றன." (பருவத்துக்கேற்ப இடம் மாறுதல்)

பின்பக்கம்: வலசை. வலசை போ, வலசைப் பறவை, வலசைப் பாதை. அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா, 11 நாள்!

முன்பக்கம் உங்களைக் கேள்வி கேட்கிறது. நீங்கள் யோசித்து விடை சொல்ல வேண்டும். பின்பக்கத்தில் விடை, அதன் துணைகள், நீங்கள் வியந்த ஒரு செய்தி. இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் அட்டையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் முதல் வியப்பைத் தொட்டுக் காட்டுவது அதுதான்.

சில சொற்கள் எத்தனை முறை பார்த்தாலும் ஒட்டாது, குறிப்பாகப் பிற மொழிச் சொற்கள். அவற்றுக்கு ஒலி உறவு என்ற ஓர் உத்தி இருக்கிறது. ரிச்சர்ட் அட்கின்சனும் மைக்கேல் ராவும் 1975-இல் ரஷ்யச் சொற்களை ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்குக் கற்பிக்க இதைப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டார்கள். புதுச் சொல்லின் ஒலி, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு சொல்லை நினைவூட்ட வேண்டும். அந்தப் பொருளையும் புதுச் சொல்லின் பொருளையும் ஒரே காட்சியில் சேர்த்துக் கற்பனை செய்ய வேண்டும். பறவையின் உடலைப் போர்த்தியிருக்கும் இறகுத் தொகுதிக்கு ஆங்கிலத்தில் 'ப்ளூமேஜ்' என்று பெயர். ஒரு நீல மேஜையை, அதாவது 'ப்ளூ மேஜை'யை, மனதில் கொண்டுவாருங்கள். அதன் மேல் விரிப்புக்குப் பதிலாக அடர்த்தியாக இறகுகள் முளைத்திருக்கின்றன. மேஜையைத் தடவினால் மெத்தென்று இருக்கிறது. கொஞ்சம் அபத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இனி அந்தச் சொல்லை மறக்க முயன்றாலும் முடியாது. எல்லாச் சொல்லுக்கும் இது வேண்டாம். பிடிவாதமாக நழுவும் சொல்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியாலோ பொருளாலோ நெருங்கிய இரண்டு புதுச் சொற்களை ஒரே நாளில் எடுக்கவும் வேண்டாம். இமிக்ரன்ட் என்றால் குடியேறி வருபவர், எமிக்ரன்ட் என்றால் குடிபெயர்ந்து போபவர். இரண்டையும் சேர்த்துக் கற்றால் எது எது என்ற குழப்பம் நெடுநாள் தொடரும். சேர்த்துக் கற்ற நெருங்கிய சொற்கள் ஒன்றோடொன்று இடறுவதை ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன. தமிழில் இரை, இறை போன்ற சொற்களுக்கும் இதே விதிதான். ஒன்று நன்றாக ஊன்றிய பிறகு மற்றதை எடுங்கள்.

ஐந்தாம் படி: படிப்பதை நிறுத்திவிட்டு உங்களையே கேளுங்கள்

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஏற்கெனவே கற்றதை மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவு. 20 நிமிடம் கழித்துக் கற்றால் ஏறத்தாழ 58 விழுக்காடு மிச்சம். ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது, அதன் பிறகு மெதுவாகிறது. எனவே முதல் மறுபார்வை மறுநாளே இருக்க வேண்டும். பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

மறுபார்வை என்றால் திரும்பப் படிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். 2008-இல் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் நடத்திய சோதனையில் மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் அதைத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். சரியாகச் சொன்னதும் சோதிப்பதை நிறுத்திவிட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சொன்னார்கள். சோதிப்பதை நிறுத்திவிட்டுப் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கும் இதே கதிதான். தாங்கள் எவ்வளவு நினைவில் வைத்திருப்போம் என்று மாணவர்கள் முன்கூட்டியே செய்த கணிப்போ எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எந்த முறை பலன் தருகிறது என்று நம் உள்ளுணர்வுக்குத் தெரிவதில்லை. ஒரு சொல்லைப் பத்து முறை எழுதுவதும், மஞ்சள் பேனாவால் தீட்டுவதும் கற்றது போன்ற நிறைவைத் தருகின்றன. ஆனால் சொல்லை நினைவில் நிறுத்துவது, மறந்ததோ என்று தடுமாறி, முயன்று எடுத்துச் சொல்லும் அந்தச் சில நொடிகள்தான்.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துச் செயல்படுத்த, செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பிரபலப்படுத்திய அட்டைப் பெட்டி முறை ஒன்றே போதும். ஒரு பெட்டியில் ஐந்து அறைகள்:

முதல் அறை: தினமும்
இரண்டாம் அறை: இரண்டு நாளுக்கு ஒரு முறை
மூன்றாம் அறை: நான்கு நாளுக்கு ஒரு முறை
நான்காம் அறை: வாரம் ஒரு முறை
ஐந்தாம் அறை: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை

புது அட்டை முதல் அறைக்குப் போகும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு உயரும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும், முதல் அறைக்குத் திரும்பும். தெரிந்த சொல்லுக்கு நேரம் வீணாவதில்லை. நழுவும் சொல் அடிக்கடி முன்னால் வந்து நிற்கும். ஆன்கி போன்ற செயலிகள் இந்த இடைவெளிக் கணக்கைத் தாமே போட்டுக்கொடுக்கின்றன. ஆனால் பிறர் தயாரித்த அட்டைத் தொகுப்புகளைத் தரவிறக்கினால் மறுபடியும் பட்டியலுக்கே திரும்பிவிடுவீர்கள். உங்கள் அட்டையை நீங்களே எழுதுங்கள்.

விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்புங்கள். மனதுக்குள் "தெரியும் தெரியும்" என்று நழுவிப் போவதை இது தடுக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் தாராளம். ஒரு வாரம் விட்டுப்போய் அட்டைகள் குவிந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல், இருபது இருபதாக எடுத்துக் கரையுங்கள். அதுவரை புதுச் சொல் வேண்டாம்.

ஆறாம் படி: சொல்லைப் புழங்குங்கள்

படிக்கும்போது புரிகிற சொல் வேறு, பேசும்போது தானாக வாயில் வருகிற சொல் வேறு. முதல் வகை நம்மிடம் எப்போதும் அதிகம். ஒரு சொல் இரண்டாவது வகைக்கு வர வேண்டுமானால் அதை எழுத வேண்டும், பேச வேண்டும்.

எளிமையான பயிற்சி: அன்று படித்ததை மூன்றே வரியில், நூலைப் பார்க்காமல் எழுதுங்கள். இப்படி: "வலசை போகும் பறவைகள் சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் எல்லாவற்றையும் துணைகொண்டு திசை அறிகின்றன. கோளரங்கச் சோதனையில், வானம் சுழலும் மையத்தை வைத்து அவை வடக்கைக் கண்டுபிடித்தது தெரிந்தது. காந்தப்புலத்தை அவை எந்த உறுப்பால் உணர்கின்றன என்பதுதான் இனி நான் தேட வேண்டியது." மூன்று வரிக்குள் மூன்று புதுச் சொற்கள், ஒன்றுகூட வலிந்து திணித்ததாக இல்லை. கடைசி வரி நாளைய வாசிப்பையும் முடிவுசெய்துவிட்டது. வாரம் ஒரு முறை இதையே யாரிடமாவது வாயால் சொல்லுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். எந்த இடத்தில் திக்குகிறீர்களோ அங்கே ஒரு சொல்லோ ஒரு புரிதலோ குறைகிறது. அடுத்து எதை எடுக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான குறிப்பு கிடைக்காது.

பேச்சில் புதுச் சொல்லைக் காட்டிக்கொள்வதற்காகவே நுழைப்பதை மட்டும் தவிருங்கள். எளிய சொல் போதுமான இடத்தில் எளிய சொல்லே அழகு.

ஆர்வம் வற்றாமலிருக்க

எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் 1980களில் வகுத்த கோட்பாட்டின்படி, ஒரு செயலைத் தானாக விரும்பிச் செய்ய மூன்று உணர்வுகள் தேவை: இது என் தேர்வு என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு ஒட்டியிருக்கிறேன் என்ற உணர்வு. இதுவரை சொன்ன படிகளில் முதல் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. மூன்றாவதைத் தனியாகக் கற்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். உங்கள் கேள்வியில் ஆர்வமுள்ள ஒரே ஒருவரைக் கண்டுபிடியுங்கள். வாரம் ஒரு முறை இருவரும் படித்ததைப் பரிமாறிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

செயலிகளில் "தொடர்ந்து இத்தனை நாள்" என்று ஓடும் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். அந்த எண்ணைக் காப்பாற்றவே தினமும் இரண்டு நிமிடம் திறந்து மூடும் நிலைக்கு வந்துவிட்டால், கற்பது எப்போதோ நின்றுபோயிருக்கும். ஒரு நாள் விடுபட்டால் விடுபடட்டும்.

பெற்றோர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளை ஒரு சொல் கற்றால் ஒரு பரிசு என்று ஆரம்பிக்காதீர்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-இல், ஏற்கெனவே ஆசையாகப் படம் வரையும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிற்பாடு விருப்ப நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை. பிள்ளை எதையாவது ஆர்வமாகச் சொல்ல வந்தால், "இதற்கு ஆங்கிலத்தில் என்ன?" என்று சோதிக்காமல், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும் அவசரத்தில் அதுவாகவே புதுச் சொற்களைப் பயன்படுத்தும்.

சலிப்பு வந்தால் கேள்வியை மாற்றிவிடலாம், தவறே இல்லை. மாற்றும் முன் மூன்று நாள் அட்டைகளை ஓரம் வைத்துவிட்டு, வெறுமனே படித்துப் பாருங்கள், அல்லது அந்த விஷயத்தைப் பற்றிய காணொளி பாருங்கள். பல சமயம் சலிப்பு அட்டைகளின் மேல் இருக்கும், விஷயத்தின் மேல் இருக்காது.

முன்னேறுகிறோமா என்று பார்க்க

எத்தனை சொல் சேர்ந்தது என்று எண்ணுவதைவிட நல்ல அளவு ஒன்று உண்டு. தொடங்கிய நாளில், உங்களுக்குக் கடினமாக இருந்த ஒரு பக்கத்தை மடித்து வைத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை அதே பக்கத்தை எடுத்து, தெரியாத சொற்களுக்கு மறுபடி விரல் மடக்குங்கள். பன்னிரண்டாக இருந்தது ஏழாகி, நான்காகி வரும்போது அந்தப் பக்கம் இருந்த நூலையே முதலிலிருந்து படிக்க ஆரம்பித்துவிடலாம்.

ஐந்தாம் அறையிலும் இரண்டு முறை தடுமாறாமல் சொன்ன அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். வாசிப்பு அதை இனிப் பார்த்துக்கொள்ளும். ஒரு கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது என்று தோன்றும்போது அடுத்ததை வெளியே தேடாமல், மூன்று வரிக் குறிப்புகளின் கடைசி வரிகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். பறவையின் காந்த உணர்வைத் தேடியவருக்கு, பூமிக்குக் காந்தப்புலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அங்கேயே எழுதப்பட்டிருக்கும். அதற்குரிய சிறுவர் நூல் ஒன்றைக் கண்டுபிடித்து, பென்சிலோடு உட்காருங்கள்.